அதலைக்காய்க்கு என்ன சர்வே நம்பர்?

“அட்டையைக் கொடுங்கம்மா” என்று உழவர் சந்தை அலுவலர் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. என் தராசுத் தட்டில் அரைக் கிலோ அதலைக்காய் இருந்தது. எதிரே ஒயர்கூடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு டீச்சர் நின்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லாரும் அவசரக்காரர்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சந்தைக் கூரையின் விளிம்பிலிருந்து என் பிடரியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்து உட்காரக்கூட எனக்கு நேரமில்லை.

“நிறுத்ததைக் கொடுத்துட்டுத் தாரேன் சார்” என்றேன்.

“இந்தக் காய் விலைப் பலகையிலயே இல்ல. இதை நீங்க நிறுக்கவே கூடாது. எந்த சர்வே நம்பர்ல வெளஞ்சது இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

“எங்க நம்பர்ல இல்ல சார். மேலக்காட்டுல நாலஞ்சு பேரு புஞ்சையில கெடந்தது. பறிச்சிட்டு வந்தேன்.”

சொன்னவர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு மட்டும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவர், தூக்கிய வேலையோடு நின்றிருக்கலாம். கேட்டது என்னை. பதில் சொன்னது அவர். அங்கேயே அவர் வாயைப் பொத்த வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

எழுத்தில் அவர் பெயரைச் சொல்வதில் எனக்கு இப்போது கூச்சமில்லை. சுப்புராஜ். வாயால் இன்றுவரை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில், பேங்கில் யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்து, “சொல்லுங்களேன்” என்பேன். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க மாட்டேன்.

படத்தில் நான் மட்டும்

அந்த அட்டையைப் பற்றிச் சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும்.

கோவில்பட்டிக்கு உழவர் சந்தை வந்த புதிது அது. அதற்கு முன்னால் எங்கள் காட்டில் விளைந்த வெள்ளரியும் சீனியவரை என்கிற கொத்தவரையும் கமிஷன் கடைக்குத்தான் போகும். கடைக்காரர் சாக்குக்குள் கையை விட்டுக் கிளறுவார். கிளறுகிற கை எப்போதும் சொத்தையை மட்டும் எப்படித்தான் கண்டுபிடிக்குமோ, அதை வெளியே எடுத்துக் காட்டி, உதட்டைப் பிதுக்கி ஒரு விலை சொல்வார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வெறும் சாக்கோடு பஸ் ஏறுவோம்.

புதுச் சந்தையில் அந்தக் கிளறல் கிடையாது. விளைவித்தவரே உட்கார்ந்து விற்கலாம். நடுவில் யாரும் இல்லை. காலையில் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போடுகிற விலைதான் விலை. தராசையும் அவர்களே கொடுப்பார்கள். அதற்கு ஒரு அடையாள அட்டை வேண்டும். நிலத்தில் என்னென்ன காய் நிற்கிறது என்று ஊரில் வந்து பார்த்து எழுதி, படம் ஒட்டி, சீல் போட்டுத் தருவார்கள். யார் படம் ஒட்டியிருக்கிறதோ அவர்தான் கடையில் உட்கார வேண்டும்.

நிலம் அவருடையது. அவர் படத்தைத்தான் ஒட்டுவார்கள் என்று நான் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது.

“எனக்கு வெல சொல்ல வராது சார். இவ படத்தை ஒட்டுங்க.”

அது உண்மைதான். கல்யாணமான புதிதில் வாரச்சந்தைக்கு ஒரு பெட்டி வெள்ளரிப் பிஞ்சு கொண்டுபோனவர் அவர். ஒரு அம்மா வந்து என்ன விலை என்று கேட்டாளாம். “நீங்க பாத்துக் குடுங்க” என்றாராம். அந்த அம்மா தாராளமாகப் பார்த்தாள், பெட்டியோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பனையோலைப் பெட்டி, என் அம்மா வீட்டுச் சீர். பிஞ்சு போனது போகட்டும், பெட்டி போனதற்கு நான் ஒரு மாதம் குத்திக்காட்டினேன்.

படம் எடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனோம். அதுவரை நான் இருந்த படங்களில் எல்லாம் வேறு யாராவது இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படத்தில் நாற்பது பேர். கல்யாணப் படத்தில் அவரும், மாலைக்குள் பாதி முகமாக நானும். முதல்முறையாக அந்தக் கறுப்பு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரர் “லேசா சிரிங்க” என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. படத்தில் கோபக்காரி மாதிரி இருப்பேன். இருக்கட்டும், அதுவும் பொய்யில்லை.

படத்துக்குக் கீழே ‘செண்பகம்’ என்று என் பெயர். அவர் பெயர் அதற்கும் கீழே சின்ன எழுத்தில். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அப்படி மாட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மற்றவர்களெல்லாம் பையில்தான் வைத்திருந்தார்கள்.

வெண்டைக்காய் நுனி

சந்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. விடிகாலை முதல் பஸ்ஸில் மூட்டையை ஏற்றிவிட்டு அவர் காட்டுக்குப் போய்விடுவார். நான் இடைசெவல் தாண்டி, ஈரக்காற்றில் தூங்கி வழிந்து, கோவில்பட்டி வந்ததும் சட்டென்று முழித்துக்கொள்வேன். இறங்கும்போதே கொத்தமல்லி வாசனையும், பச்சை மிளகாய்க் காரமும், நனைந்த சாக்கு நாற்றமும் மூக்கில் ஏறும். எனக்கு அது வேலை நாளின் வாசனை.

பக்கத்துக் கடை ராமலட்சுமி அக்கா. ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம். இப்போது கிணற்றடியில் கத்திரியும் போடுகிறார்கள். அக்காவுக்குக் குரல் கிடையாது, அவ்வளவு மெதுவாகப் பேசுவாள். அவளுக்கும் சேர்த்து நான் கத்துவேன்.

வாங்க வருகிறவர்களில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்கள் என்று ஒரு இனம் உண்டு. ஒன்றை ஒடித்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றாக ஒடித்து, நல்லதை எடுத்துக்கொண்டு, மூளிக் காயை எல்லாம் எனக்கு விட்டுப்போவார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வருவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “அண்ணாச்சி, உங்க கடைக்கு வந்து நான் ஒவ்வொரு பருப்பா கடிச்சுப் பாக்கட்டா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து ஒடிக்கவில்லை, நகத்தால் கீறிப் பார்த்தார். என்ன செய்ய.

நிறுத்த பிறகு கொசுறு கேட்காமல் யாரும் நகர மாட்டார்கள். கறிவேப்பிலை ஒரு இணுக்கு, மல்லி நாலு தழை. அதற்காகவே ஒரு ஈர்க்குக் கட்டு கறிவேப்பிலை கொண்டுபோவேன். கேட்டு வாங்குகிறவர்களைவிடக் கேட்காமல் நிற்கிறவர்களுக்கு ஒரு இணுக்குக் கூடப் போடுவேன். எனக்கு அப்படி ஒரு கிறுக்கு.

போன வாரம் நான் தீப்பெட்டி ஒட்டிய காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பசை காய்ந்து விரல் தோல் உரிந்துபோன கையோடு, பகல் முழுவதும் பலகைக்கு முன்னால் குனிந்தே இருந்தவள் நான். இந்த அட்டைதான் என்னை அங்கிருந்து எழுப்பியது. கையை நீட்டி அலுவலர் கேட்டது அதைத்தான்.

குனிந்தவர் பறிக்கலாம்

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. மழை இல்லை என்று அழுவதுதான் எங்களுக்குப் பழக்கம். அதிகமாகப் பெய்தால் எப்படி அழ வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் விடாது. பருத்திக்கு ஊடே போட்டிருந்த சீனியவரையும் வெண்டையும் வேர் அழுகி, நின்றபடியே கறுத்துப்போயின. ஒரு வாரமாக என் இடம் காலி. ராமலட்சுமி அக்காதான் அதில் தன் சாக்கை விரித்து வைத்து, யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டாள்.

“என்னத்தையாவது கொண்டாங்களேன். ஒரு பை இருந்தாப் போதும், போயி உக்காந்துட்டு வாரேன்” என்று அவரைப் போட்டு அரித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அரைச் சாக்கு அதலைக்காயோடு வந்தார்.

கரிசல்காட்டுக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்கு அதலை தெரிந்திருக்காது. சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். மேலே வரிவரியாக ஓடும். பாகற்காய்க்குத் தங்கச்சி, கசப்பில் கொஞ்சம் அடக்கம். அதை யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். மழை விழுந்ததும் தானாகக் கொடி கிளம்பி, பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவே படர்ந்து காய்க்கும். இரண்டு முனையையும் கிள்ளிப்போட்டு, வெங்காயம் வதக்கி, கொஞ்சம் புளி விட்டுச் சுண்ட வைத்தால் ஒரு தட்டுச் சோறு கூடவே இறங்கும். பறித்தால் அன்றன்றைக்கே சமைத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வெடித்து வாயைத் திறந்துவிடும்.

அதலைக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யார் காட்டில் கிடந்தாலும், குனிந்து பறிக்கிறவர் பறித்துக்கொள்ளலாம். வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைத் தொட்டால் ஊர்க்கூட்டம் கூடும். அதலையைச் சாக்கு நிறையப் பறித்தாலும் காட்டுக்காரர் பார்த்துக்கொண்டே போவார். அனுமதி கேட்டால்தான் விநோதம். “இதுக்குப் போயா கேக்குதீய?” என்று சிரிப்பார்கள்.

அதனால்தான் ‘நாலஞ்சு பேரு புஞ்சையில’ என்று அவர் கூசாமல் சொன்னார். எங்கள் ஊரில் அது குற்றமில்லை. சந்தையில் அது குற்றம் என்பது அவர் மூளையில் ஏறவே இல்லை.

எனக்கும் முதலில் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் சந்தையில் டீச்சர்தான் முதலில் பார்த்தார். “அதலைக்காயா! இதைக் கண்ணால கண்டு எத்தன நாளாச்சு” என்று அவர் உரக்கச் சொன்னதில் நாலு பேர் திரும்பினார்கள். “சுகருக்கு நல்லதுல்லா” என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து அலுவலர் வந்தார்.

சும்மா கொடுத்த சந்தை

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கத்துகிறவர்களை என்னால் சமாளிக்க முடியும்.

“அவங்கவங்க வெளைய வச்சத அவங்கவங்க விக்கணும். இந்தச் சந்தைக்கு சட்டமே அதான்மா. அடுத்தவங்க நிலத்துல எடுத்ததை இன்னைக்கு நான் கண்டுக்காம விட்டா, நாளைக்கு யாவாரி வந்து உங்க எடத்துல உக்காருவாரு. அப்ப நீங்கதான் என்கிட்ட சண்டைக்கு வருவீங்க.”

நியாயம்தான். வந்திருப்பேன்.

“புதன்கிழமை நானே உங்க காட்டைப் பாக்க வர்றேன். காய்கறின்னு ஏதாவது ஒரு பயிர் நின்னா, அங்கேயே அட்டையைத் தந்துடுறேன். ஒண்ணும் நிக்கலைன்னா அடுத்த பட்டத்துல பாக்கலாம். அதுவரைக்கும் எடத்தை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்.”

கழுத்திலிருந்து கழற்றும்போது நூல் கொண்டையில் மாட்டிக்கொண்டது. டீச்சர்தான் எடுத்துவிட்டார்.

அடுத்த பட்டம் என்றால் முழுசாக ஒரு வருஷம். நான் தராசைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் மெதுவாக அலுவலர் பக்கம் போனார்.

“விக்கத்தான கூடாது? சும்மா குடுக்கலாமா சார்?”

அலுவலர் தராசையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “சும்மான்னா... கொடுங்க” என்றார்.

இவர் உட்கார்ந்து, நின்றிருந்த ஏழெட்டுப் பேருக்கும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். வெடித்துப் போனால் யாருக்கும் ஆகாதாம். டீச்சர் காசை நீட்டினார். இவர் வாங்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

“எங்க காடுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய் வெந்தா போயிரும்?”

“நம்ம காட்டுல பறிக்கலயே.”

“பறிச்சா என்ன, பறிக்காட்டி என்ன? அவரு வந்து ஒவ்வொரு கொடியா எண்ணவா போறாரு?”

“கேட்டாரு. சொன்னேன்.”

“என்னைய கேட்டாரு. உங்கள கேக்கல. அது என் அட்டை.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளையும் முறைத்தேன். அத்தோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பலகையை எடுத்தேன்

எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது என்பது நான் பேசாமல் இருப்பதுதான். அவர் சாதாரணமாகவே பேச மாட்டார். அதனால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் வீட்டில் கோழி கொக்கரிப்பதைத் தவிரச் சத்தமே இல்லை. சோற்றுத் தட்டைக் கொஞ்சம் பலமாக வைப்பேன். அதுதான் நான் சொன்னது எல்லாம்.

திங்கட்கிழமை பரணிலிருந்து தீப்பெட்டி ஒட்டுகிற பலகையை இறக்கினேன். காய்ந்த பசை இன்னும் அதில் பக்குப்பக்காக ஒட்டியிருந்தது. தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். வேண்டுமென்றுதான் அவர் பார்க்கும்படி நடுவீட்டில் உட்கார்ந்து சுரண்டினேன். சாப்பிட உட்கார்ந்தவர் பலகையைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்தச் சோற்றைக் கோழிக்குப் போடும்போது அழுதேன்.

மழை விட்ட மறுநாளே அவர் பருத்தி ஊடே மறுபடியும் சீனியவரை விதை போட்டிருந்தார். காலையிலும் சாயங்காலமும் போய்க் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வருவார். புதன்கிழமை காலையில் வந்ததும், என்னைப் பார்க்காமல் தண்ணீர்க்குடத்தைப் பார்த்துச் சொன்னார்: “மண்ணு லேசா வெடிச்சிருக்கு. இன்னும் தலை காட்டல.”

நான் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனேன்.

முள்ளுக்குள் என்ன

சொன்னபடியே அலுவலர் வந்தார், ஒரு மொபெட்டில். ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கியதும் கரிசல் அவரைப் பிடித்துக்கொண்டது. மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் சைக்கிளில் போனால் மண்ணைக் குத்தியெடுக்க ஒரு குச்சியைச் செருகிக்கொண்டுதான் போவார்கள். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும். அவர் செருப்பும் ஒரு பக்கம் புதைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மண்ணைக் குத்தி எடுத்து, வண்டியை ஒரு ஓரமாகத் தூக்கி நிறுத்தி, செருப்பையும் பிடுங்கிக் கொடுத்தார்.

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலுவலர் எங்கள் காட்டை நடந்து பார்த்தார். நான் ரெண்டடி பின்னால் நடந்தேன். அழுகிய வெண்டைத் தட்டையை அவர் தொட்டதும் கையோடு வந்தது. கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் நிக்கலையேம்மா.”

“வெதைச்சிருக்கோம் சார். மண்ணு வெடிச்சிருக்கு பாருங்க. ரெண்டு நாள்ல மொளைச்சிரும்.”

“மொளைக்கும்மா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நிக்கிறதைத்தான் நான் எழுத முடியும். வெடிச்சிருக்குன்னு எழுத முடியாதே.”

அவர் முகம் நிஜமாகவே வருத்தமாக இருந்தது. சட்டைப் பையில் என் அட்டை இருப்பது வெளியே தெரிந்தது. சரி, இனி கெஞ்சுவதில் அர்த்தமில்லை என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். வீட்டுக்குப் போய்ப் பசை காய்ச்ச வேண்டியதுதான்.

திரும்பியவர் நின்றார். காட்டின் மேலக்கோடியில் ஓடைக்கரை ஓரமாகக் கருவேல முள் வட்டமாகக் கிடந்தது.

“அங்க என்ன வேலி?”

“அது வெறகுக்கு வெட்டிப் போட்டிருப்பாவ சார்” என்றேன். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். சந்தைக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்தக் கோடிவரை நான் போவதே இல்லை.

அலுவலர் நடந்தார். நானும் போனேன். என் வீட்டுக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம் மெதுவாக வந்தார்.

முள்ளுக்குள் அதலைக் கொடி. ஒன்று இரண்டில்லை, நாற்பது கொடியாவது இருக்கும். கொடிக்கு ஒரு பருத்திமார் குச்சி நட்டு ஏற்றிவிட்டிருந்தது. சுற்றி ஒரு புல் இல்லை. மண்ணைக் கொத்தி அணைத்து, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் கீறி விட்டிருந்தது. காடு முழுவதும் அழுகிக் கிடக்க, அந்த ஒரு வட்டம் மட்டும் பச்சையாக நின்றது.

அலுவலர் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

“இது தானா மொளைச்சதா?”

“கெழங்கு தானா உள்ளதுதான் சார்” என்றார் என் வீட்டுக்காரர். “உழும்போது இந்த எடத்தை மட்டும் விட்டுட்டு உழுவேன். பெறகு களை எடுத்து, ஆடு வாய் வைக்காம முள்ளு போட்டுருதேன்.”

“எத்தனை வருஷமா?”

“நாலு வருஷமா.”

அலுவலர் எழுந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னங்க நீங்க. களை எடுத்து, வேலி போட்டு, கொடி ஏத்தியிருக்கீங்க. இது பயிர் இல்லாம என்ன? அன்னைக்கு இதைப் பறிச்சிட்டு வந்து ‘எங்க நிலத்துது’ன்னு சொல்லியிருந்தா ஒரு பிரச்சனையும் இல்லையே. எதுக்கு ஊரான் காடெல்லாம் சுத்தினீங்க?”

“இது விக்கதுக்கு இல்ல சார்.”

கரையேறுகிற நேரத்தில் மறுபடியும் வாயைத் திறக்கிறாரே இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்தேன்.

“விக்கிறதுக்கு இல்லைன்னா, பின்ன எதுக்கு இவ்வளவு பாடு?”

அவர் கையிலிருந்த குச்சியால் காலில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டினார். ஒரு காலை முடித்துவிட்டு அடுத்த காலையும் சுரண்டினார்.

“வீட்டுல அவளுக்குப் பிடிக்கும்” என்றார்.

நான் குளத்தூர்க்காரி. வாக்கப்பட்டு வந்த வருஷம் இந்த ஊரில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. தண்ணீர் பிடிக்கவில்லை, காலைப் பிடித்து இழுக்கிற மண் பிடிக்கவில்லை, பேசாத புருஷனையும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அதலைக்காய்ப் பொரியலை மூன்றாம் தடவை போட்டுக்கொண்டு, “உங்க ஊருல உருப்படியான சாமான் இது ஒண்ணுதான்” என்று சொன்னேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

மழை மாதத்தில் அவர் காட்டிலிருந்து வரும்போது துண்டில் ஒரு முடிச்சு அதலை இருக்கும். வருகிற வழியில் கிடந்ததைப் பறித்துக்கொண்டு வருகிறார் என்றே நாலு வருஷமாக நினைத்திருந்தேன். ஒரு தடவைகூட ஏதென்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் உள்ளதைச் சொல்கிறவர்தானே அவர்.

அந்த வரப்பில் நின்று எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட ஆசையாக இருந்தது. அலுவலர் மட்டும் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ, அதை இங்கே எழுத முடியாது.

அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “எழுதவா, வேண்டாமாம்மா?”

என் வீட்டுக்காரர் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுதினால் இந்த வட்டம் சந்தைக்குப் போய்விடும் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. எழுதாவிட்டால் நான் பலகைக்குப் போய்விடுவேன் என்பதும் அதே முகத்தில் தெரிந்தது. அவரை நான் அதிகம் நிற்க விடவில்லை.

“எழுதினா வித்துத்தான் ஆகணுமா சார்?” என்று கேட்டேன்.

அலுவலர் கொஞ்சம் யோசித்தார். “காய்கறி நிக்குதாங்கிறதுதான் என் கேள்வி. நிக்குது. விக்கிறதும் விக்காததும் உங்க வீட்டுப் பாடு. ஆனா வித்தா இதை மட்டும்தான் விக்கணும்.”

“அப்ப எழுதுங்க.”

தொடை மேல் நோட்டை வைத்து அவர் எழுதினார். ‘அதலை’ என்று எழுதிவிட்டு, அந்தக் காய்க்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்தார். நூலை அட்டையைச் சுற்றி ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார். நான் அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நாளைக்குச் சந்தைக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. சீனியவரை காய்க்க இன்னும் ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை எங்கள் காட்டிலேயே கீரை ஏதாவது போட்டு, அவரைக் கூப்பிட்டு அதையும் எழுத வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

வண்டியை நோக்கிப் போன அலுவலர் தயங்கினார். “எங்க அம்மாவுக்குச் சுகர். தப்பா நினைக்கலைன்னா ஒரு கைப்பிடி கிடைக்குமா? காசு வாங்கிக்கணும்.”

“காசெல்லாம் வேண்டாம் சார்” என்று என் வீட்டுக்காரர் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முதல் கொடிக்கு முன்னால் குனிந்தார். கை காய்மேல் போயிற்று. அப்படியே நின்றது.

குனிந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, பறிக்கட்டுமா?”

ஊரான் காட்டில் அரைச் சாக்குப் பறிக்க யாரையும் கேட்காத மனுஷன், தான் களை எடுத்து வளர்த்த கொடியில் ஒரு கைப்பிடி பறிக்க என்னைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“பறிங்க” என்றேன். பஸ்ஸில் பேச்சை நிறுத்திய பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.